ஆளுக்கொரு கன்ட்ரோலர்

என் மாமியார் செபாஸ்தியம்மாளின் உயிர் ஆம்புலன்ஸில் போனது. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், கொடைரோடு டோல்கேட்டைத் தாண்டியதும். காலையிலேயே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்றான் இளைய மகன் ஆண்டனிராஜ். வீட்டிலேயே விட்டிருந்தால் மாதா கோயில் சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபித்து, சொந்தக் கட்டிலில் நிம்மதியாகப் போயிருப்பார் என்றார் மூத்த மகன் ராயப்பராஜ். ராயப்பராஜ் என் கணவர். அம்மாவைக் கொன்றது நீதான் என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் ஆண்டனி என் பக்கமும் திரும்பி, "இவ ஒழுங்காக் கஞ்சி ஊத்தியிருந்தா எங்கம்மா எதுக்குப் படுக்கையில விழுது?" என்றான். அவன் மனைவி லிடியா பக்கத்தில்தான் நின்றாள். நான் ஊற்றிய கஞ்சி எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு நாகல் நகர் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். மாமனாரின் பழைய கூட்டாளி பெருமாள்சாமி மத்தியஸ்தம். செங்கல் சூளை வைத்திருப்பவர், எதையும் செங்கல்லைப் போலத்தான் பார்ப்பார். அவருடைய முறை எளிமையானது. ரெண்டு இருந்தால் ஆளுக்கொண்ணு. ஒண்ணு இருந்தால் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டியது. இரண்டு அண்டாக்கள் இரண்டு பக்கம் போயின. திருக்குடும்பப் படம் எங்களுக்கு, இருதயநாதர் படம் அவர்களுக்கு. டிவி எங்களுக்கு, ஃபிரிட்ஜ் அவர்களுக்கு.

டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. முந்தைய கிறிஸ்மஸுக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆன்லைனில் வாங்கியது. அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது ஆடிய பழைய வீடியோ கேம்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. கூடவே இரண்டு கன்ட்ரோலர்கள். உள்ளங்கை அளவு, வெளுத்த பழுப்பு நிறம், இடப்பக்கம் சிலுவை மாதிரி ஒரு பொத்தான், வலப்பக்கம் சிவப்பாக இரண்டு. பார்வைக்கு அந்தக் காலத்துச் சாமான்தான், ஒயர் மட்டும் கிடையாது.

"இது என்னப்பா டப்பா?" என்றார் பெருமாள்சாமி.

"கேம் பெட்டி மாமா. டிவியில மாட்டுறது" என்றான் ஆண்டனி.

"அப்ப டிவி போற பக்கம் அது போகட்டும். இந்த ரெண்டு ரிமோட்டு?"

"அது ரிமோட்டு இல்ல. பெட்டி இல்லாம அது வேலை செய்யாது. ரெண்டும் பெட்டியோட இருக்கட்டும்" என்றார் என் கணவர்.

"வேலை செய்யுதோ இல்லையோ, ரெண்டு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப ஆளுக்கொண்ணு."

ஆண்டனி கையை நீட்டினான். "குடுங்க மாமா. எம் பங்கு. ஊறுகாய் போட்டாவது வச்சுக்கிருவேன், இவனுக்கு விடமாட்டேன்."

கூடத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஹாலோ பிளாக் சுவர் எழும்பியது. டிவி இருந்த மூலை எங்கள் பக்கம். பூசும்போதுகூட இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு கொத்தனார்.

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் ஜாடைப் பேச்சு இருந்தது. ஆண்டனி நிலக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து பூ ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். விடியலில் போய் மதியம் திரும்புவான். வேனைக் கழுவும்போது வேனிடம் பேசுவான்: "என்னடா அப்பு, பெரிய மனுசன் மாதிரி மொறைக்கிற? உன்னையும் ஆம்புலன்ஸுல ஏத்தணுமா?" என் கணவர் பேட்டரிக் கடையை அடைத்துவிட்டு வந்து பைக்கிடம் பதில் சொல்வார்: "நீ கத்து. ஆளைக் கொன்னவனுக்குத்தான் சத்தம் பெருசா வரும்." பைக்குக்கும் வேனுக்கும் நடுவில் நானும் லிடியாவும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போவோம்.

ஒருநாள் மாலை என் கணவர் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். பலகை ஆட்டம் என்று அவர்கள் சொல்லும் பழைய ஆட்டம். ஆற்றுக்கு மேலே மரப்பாலம், அதில் சிவப்பு மனிதன் ஒருவன், நீல மனிதன் ஒருவன். பலகைகள் ஒவ்வொன்றாக முனகி உடைந்து விழும். விழுமுன் அடுத்த பலகைக்குத் தாவ வேண்டும். தாவும்போதே மற்றவனைத் தள்ளியும் விடலாம். கடைசியில் நிற்பவன் வென்றவன். தனியாக ஆடினால் நீல மனிதன் திரையிலேயே இருக்க மாட்டான். அன்றைக்கு ஆட்டத்தின் நடுவில் நீல மனிதன் வந்து நின்றான். தாறுமாறாக இரண்டு பக்கமும் ஓடினான். ஆற்றில் விழுந்தான். திரும்பவும் வந்தான்.

"பெட்டி கெட்டுப்போச்சு" என்று சொல்லி என் கணவர் அதைத் தூக்கிக்கொண்டு நாசர் கடைக்குப் போனார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் ரிப்பேர் கடை. நானும் உடன் போயிருந்தேன். நாசர் பெட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பெட்டியில ஒண்ணுமில்லண்ணே. இதோட இன்னொரு ஜாய்ஸ்டிக் உண்டா? அது யார்கிட்ட இருக்கு?"

தம்பியிடம் இருப்பதாக நான் சொன்னேன்.

"அப்ப அவரு அதை ஆன் பண்ணியிருக்காரு. அது கடைசியா எந்தப் பெட்டியோட சேர்ந்துச்சோ, அதைத்தான் மொதல்ல தேடும். நடுவுல ஒரு சுவரு இருந்தா அதுக்குக் கணக்கே இல்ல. போன்ல கேம் ஆட அதைச் சேக்கணும்னா மேல இருக்குற குட்டிப் பொத்தானைச் செத்த நேரம் அமுக்கிப் பிடிக்கணும். அது அவருக்குத் தெரியல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நேத்து இங்கதான் வந்தாரு. போன்ல சேரமாட்டேங்குதுன்னு சைனாக்காரனை அம்புட்டு வையுறாரு. நாளைக்கு வாங்கன்னு சொல்லியிருக்கேன். பெட்டியிலருந்து அதை எடுத்துவிட்ரவா? ஒரு நிமிசம் ஆகாது."

"வேணாம்" என்றார் என் கணவர்.

அவர் ஏன் வேண்டாம் என்றார் என்று அன்று மாலையே தெரிந்துகொண்டேன். நீல மனிதன் வந்து கண் தெரியாதவனைப் போல் அலைந்தான். என் கணவர் சிவப்பு மனிதனை நிதானமாக நடத்திக்கொண்டுபோய் அவனைத் தள்ளினார். விழுந்தான். வந்தான். தள்ளினார். "சாவு" என்றார். மறுபடி தள்ளினார். "எங்கம்மாவைக் கொன்னேல்ல, சாவு." சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்டனி போனைத் தட்டிக்கொண்டிருந்தான். தன் கையிலிருக்கும் பொத்தான்கள் யாரைச் சாகடிக்கின்றன என்று அவனுக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள அதிக காலம் ஆகவில்லை. எங்கள் டிவி சத்தம் சுவர் வழியாக அந்தப் பக்கம் கேட்கும். தான் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அந்தச் சத்தத்தில் நீல மனிதனின் கனத்த தாவல் கேட்பதை ஆண்டனி கவனித்துவிட்டான். சிவப்பு மனிதன் தாவினால் 'டிப்'. நீல மனிதன் தாவினால் 'டுப்'. ஒவ்வொரு பலகையும் உடையும் முன் தனித் தொனியில் முனகும். அந்த ஆட்டம் இருவருக்கும் ஜெபம் மாதிரி மனப்பாடம். அதனால் ஒரு மாலை நீல மனிதன் வந்தான், அலையவில்லை. நின்று கேட்டான். பலகை முனகியதும் சரியாகத் தாவினான். என் கணவர் சிரித்துக்கொண்டே அருகில் போனபோது அவரைத் தள்ளிவிட்டான். வென்றவனுக்கான மெட்டு ஒலித்தது. நீலத்துக்கு ஒரு மெட்டு, சிவப்புக்கு ஒரு மெட்டு. சுவருக்கு அப்பாலிருந்து ஆண்டனியின் கூச்சல் கேட்டது. "ஏய் லிடியா, செத்தான்டி ஒருத்தன்!"

"செவுத்துல காதை வச்சுக்கிட்டு ஆடுற ஒரே ஆளு இந்த ஊர்லயே நீங்கதான்" என்று லிடியா சொன்னதும் கேட்டது.

அதன் பிறகு தினமும் மாலை கோயில் மணி அடித்ததும் ஆட்டம். அது விளையாட்டு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கைகலப்புக்கு வழியில்லாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் ஆற்றில் தள்ளிக்கொண்டார்கள். என் கணவர் தோற்கும் நிலை வந்தால் டிவி சத்தத்தை நிறுத்திவிடுவார். உடனே சுவரில் குத்து விழும். பூச்சு உதிரும் அளவுக்கு. நான் போய்ச் சத்தத்தைக் கூட்டுவேன். "நீ யாரு பக்கம்?" என்று என் கணவர் என்மேல் பாய்வார். ஆண்டனி நாசர் கடைக்கு மறுபடி போனதும், நாசர் போனில் சேர்த்துத் தருவதாகச் சொன்னதும், அவன் வேண்டாம் என்று கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டு வந்ததும் பிறகு நாசர் சொல்லித்தான் தெரியும்.

ஆட்டம் தொடங்கும்போது என் கணவருக்கு ஒரு வழக்கம். நின்ற இடத்திலேயே இரண்டு முறை குதிப்பார். டிப், டிப். அது தம்பியை வாடா என்று கூப்பிடுகிற திமிர்.

அந்த வருடக் கடைசியில் அவருக்குக் கைகள் தளர ஆரம்பித்தன. முதலில் பேட்டரி தூக்க முடியவில்லை. பிறகு சட்டைப் பொத்தான். மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு வியாதி, கையில் தொடங்கியிருக்கிறது, தொண்டைக்கும் மூச்சுக்கும் வரும், மருந்தால் நிற்காது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். என் கணவர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பி வரும்போது காரில் ஒன்றே ஒன்று சொன்னார். "ஊருக்கு முதுகு வலின்னு சொல்லு."

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறு அன்று மாலை ஆட்டத்தின் நடுவில் அவருடைய கட்டைவிரல் நின்றுவிட்டது. சிவப்பு மனிதன் பலகையில் அப்படியே நின்றான். நீல மனிதன் வந்து தள்ளினான். நீல மெட்டு ஒலித்தது. அவர் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு அந்த மெட்டைக் கடைசிவரை கேட்டார். வழக்கமாக நடுவிலேயே அணைத்துவிடுவார். "பய நல்லா ஆடுறான்" என்றார். பிறகு, "அடுத்ததை நீ ஆடு" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க. விட்ருங்க. போதும்."

"விட்டா என் கை விழுந்துருச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சிரிப்பான். இல்ல, அழுவான். ரெண்டும் எனக்கு வேணாம். நான் சாகுற வரைக்கும் என் கை ஓடுதுன்னு அவன் நினைச்சுக்கிட்டே இருக்கணும். செபமாலை மேல கை வை."

அவர் கேட்டது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வைத்தேன். ஆண்டனி என் மாமியார் சாவில் என்மேல் போட்ட பழியும் அந்தக் கையில் இருந்தது.

முதல் வாரங்களில் தோற்றுக்கொண்டே இருந்தேன். அவர் கட்டிலில் கிடந்தபடி வைவார். "தாவுடி! பலகை முனகுறது கேக்கலயா? காது எங்க இருக்கு, அடுப்படியிலயா?" குரல் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு வைவார். ஆண்டனி வேனிடம் சொன்னான்: "ஒருத்தனுக்கு முதுகு வலியாம். ஆட்டத்தைப் பாத்தா பொம்பளை ஆடுற மாதிரி இருக்கு." அவருக்குச் சிரிப்பு வந்தது. நோய் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

ஒருமுறை அந்த இரண்டு குதியை மறந்துவிட்டு நேராக ஓடினேன். நீல மனிதன் நகரவில்லை. ஆட்டம் நின்றது. சுவரில் ஒரே ஒரு குத்து விழுந்தது, மெதுவாக. கதவைத் தட்டுவதுபோல. நானும் அவரும் மூச்சுவிடவில்லை. அவர் கண்ணால் காட்டினார். டிப், டிப் என்று குதித்தேன். நீல மனிதன் ஓடிவந்தான். அதற்குப் பிறகு மறக்கவே இல்லை. சத்தத்தில் நான் அவராகவே ஆகிவிட்டேன். அவர் நின்று தாவும் இடம், அவர் அவசரப்படும் இடம், எல்லாம். வெயில் காலம் முடிவதற்குள் தள்ளவும் கற்றுக்கொண்டேன். தள்ளும்போது அவர் சொன்னதையே மனதுக்குள் சொன்னேன். சாவு. சாவு.

சாமியார் நற்கருணை கொண்டுவரும் நாட்களில், "தம்பியோட சமாதானமாயிருங்களேன்" என்பார். "அவன் வாசலுக்கு வந்து கேட்டா ஆயிருவேன் சாமி" என்பார் என் கணவர். அந்தப் பக்கமும் சாமியாருக்கு அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

ஆகஸ்டில் மாதாவின் விண்ணேற்புத் திருநாள் கழிந்து சில நாட்களில் அவருக்கு விழுங்குவது நின்றது. அன்று மதியம், வாயை ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். "இன்னைக்கும் ஆடிரு" என்றார். எனக்கு மட்டும் புரிகிற அளவுக்குத்தான் பேச்சு. தூங்கினார். நான் அவர் கால்மாட்டில் தரையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது கூடத்தில் வெளிச்சம் மங்கியிருந்தது. கையைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. மூக்குக்கு அருகில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

எழுந்து கதவைத் திறக்க வேண்டியதுதான். கத்த வேண்டியதுதான். ஆனால் கோயில் மணி அடித்தது. மாலை ஆட்டத்துக்காக மதியமே போட்டு வைத்திருந்த டிவியில் நீல மனிதன் வந்து நின்றான்.

அவன் காத்திருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் போனால் சுவரைத் தட்டுவான். அவர் சாவை எல்லோருக்கும் முன்னால், அவர் கை விழுந்த செய்தியோடு சேர்த்து, அவன் தெரிந்துகொள்வான். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் முழங்கால் என் முதுகில் படிந்திருந்தது. டிப், டிப். ஆடினேன். எந்தப் பலகையில் எப்போது தாவினேன் என்று நினைவில்லை. வென்றேன். சிவப்பு மெட்டு ஒலித்தது. அந்தப் பக்கம் ஆண்டனி காறித் துப்பும் சத்தம் கேட்டது. டிவியை அணைத்தேன். செபமாலையை அவர் விரல்களில் சுற்றினேன். பிறகு வாசலுக்குப் போய்க் கத்தினேன்.

தெருவே வந்துவிட்டது. முதலில் ஓடிவந்தவன் ஆண்டனி. சுவர் எழுந்த பிறகு எங்கள் வாசற்படியை அவன் மிதித்தது அன்றுதான். கட்டிலைப் பார்த்தான். அண்ணனின் வற்றிப்போன கைகளைப் பார்த்தான். அது என்ன கை என்று அவனுக்கு விளங்கவில்லை.

உடம்பைக் கழுவ வந்த பேச்சாயி, கையை மடக்கப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, இம்புட்டு வெறைச்சுக் கெடக்கு? மத்தியானமே போயிருக்கும் போலயே" என்றாள்.

ஆண்டனி நிமிர்ந்தான். "மத்தியானமா? என்ன பேசுற? மணியடிச்சதும் எங்கூட ஆடுனாரு. இப்பத்தான். என்னைய ஜெயிச்சாரு."

"எது, ஆடுனாரா? இந்தக் கையிலயா?"

"இப்பத்தான் ஆடுனாருங்கறேன்!" அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வையில் தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். வாசலுக்குப் போனான். தெருவைப் பார்த்து நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. மணியடிச்சதும் தெம்பா ஆடுன மனுசன், ஆட்டம் முடிஞ்சு டிவியை அமத்துன மனுசன், அடுத்த நிமிசம் பொணமாக் கெடக்கான். உள்ள இருந்தது இவ ஒருத்திதான். எங்கம்மாவுக்குக் கஞ்சி ஊத்தாமக் கொன்னா. இப்ப எங்கண்ணனைக் கொன்னுட்டா. போலீஸைக் கூப்புடுங்க. அறுத்துப் பாக்கட்டும்."

பெருமாள்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வயதானவர், மூச்சு வாங்கியது. "ஏம்மா டெய்சி, அவன் என்னமோ சொல்றானே. ஆடுனது உண்மையா?"

"உண்மைதான்."

"அப்ப பேச்சாயி சொல்றது?"

"அதுவும் உண்மைதான்."

"ரெண்டும் எப்படிம்மா உண்மையாகும்?"

என்னால் பேசாமல் இருந்திருக்க முடியும். டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தால் போலீஸ் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால் தெருவில் விழுந்த வார்த்தையை டாக்டர் சீட்டு எடுக்காது. செபமாலை அவர் விரல்களில் இருந்தது. அதைப் பார்த்தேன். நான் காப்பாற்றச் சத்தியம் செய்தது அவர் சாகும் வரைக்கும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எவ்வளவு தூரம் சரி என்று இன்றுவரை தெரியாது.

யாரோ டிவிமேல் துண்டு போர்த்தியிருந்தார்கள். அதை எடுத்தேன். டிவியைப் போட்டேன். சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். கன்ட்ரோலர் கட்டில் ஓரத்திலேயே கிடந்தது. சாவு வீட்டில், பிணத்துக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை வீடியோ கேமை எடுக்கிறாளே என்று பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. "புத்தி பெரண்டுருச்சு" என்றது ஒரு குரல்.

டிப், டிப்.

ஆண்டனி வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். திரும்பவில்லை. அவன் கழுத்து மட்டும் அசைந்தது.

சிவப்பு மனிதனை ஓட்டினேன். முதல் பலகை முனகியது, தாவினேன். இரண்டாவதில் அவர் நிற்பதுபோல் நின்றேன். மூன்றாவதில் அவர் அவசரப்படுவதுபோல் அவசரப்பட்டேன். ஒரு மனிதனின் நடையைப் போலத்தான் அது. சுவருக்கு அப்பால் இருந்து கேட்டுக் கேட்டு அவன் காதுக்குள் ஏறியிருந்த அதே நடை.

ஆண்டனி மெதுவாகத் திரும்பினான். திரையைப் பார்த்தான். பிறகு என் கைகளை. பிறகு கட்டிலில் கிடந்த கைகளை. பேச்சாயி மடக்க முடியாமல் விட்ட அந்தக் கைகளை.

"எம்புட்டு நாளா?" என்றான்.

நான் டிவியை அணைத்தேன்.

"எம்புட்டு நாளா நீ ஆடுற? சொல்லு! தினமும் எங்கண்ணன்கூட ஆடுறேன்னு நெனச்சுக்கிட்டு... அவன் என்னைய வையுறான்னு நெனச்சுக்கிட்டு... நீயா? இம்புட்டு நாளும் நீயாடி?" அடிக்க வருவதுபோல் இரண்டடி வந்தான். பெருமாள்சாமி குறுக்கே கையை நீட்டினார். "என்னைய ஏமாத்திட்ட. எங்கண்ணன் தெம்பாத்தான் இருக்கான், என்னையத் தேடலன்னு நெனக்க வச்சுட்ட."

"எடுங்க அந்த வார்த்தையை" என்றேன் பெருமாள்சாமியிடம். அவனிடம் நேராகப் பேச எனக்கு மனம் வரவில்லை. "கொன்னேன்னு சொன்னதை எடுக்கச் சொல்லுங்க."

ஆண்டனி எதையும் எடுக்கவில்லை. டாக்டர் வந்து சான்று எழுதினார். மறுநாள் அடக்கம். ஆண்டனி சவப்பெட்டியைத் தோளில் சுமந்தான், குழியில் மண் போட்டான். என் பக்கம் பார்க்கவில்லை. கொன்றவள் என்ற பேச்சு தெருவில் பாதி நின்றது. புருஷன் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேம் ஆடியவள் என்ற பேச்சு சேர்ந்துகொண்டது.

முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் பெருமாள்சாமி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னான். அவங்கண்ணன் தங் கையால ஆடுன கடைசி ஆட்டம் எதுன்னு. அம்புட்டுத்தான். அதுல யாரு ஜெயிச்சான்னு."

"அவனுக்கு எதுக்கு?"

"எனக்கென்னம்மா தெரியும். ராத்திரியெல்லாம் தூங்கலையாம். எதுவரைக்கும் அண்ணன், எதுலருந்து நீன்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறானாம்."

"என் வாசல்ல நின்னு தெருவுக்குச் சொன்னான். அதே வாசல்ல நின்னு தெருவுக்குச் சொல்லச் சொல்லுங்க, டெய்சி கொல்லலன்னு. ரெண்டு சாவுக்கும். அன்னைக்கே சொல்றேன்."

பெருமாள்சாமி போய்ச் சொல்லியிருப்பார். அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்து உருண்டது. "அவகிட்ட நான் தோக்கவா? மாட்டேன்!" என்று ஆண்டனி கத்தினான். "ரெண்டு பேரும் மனுசங்களே இல்ல" என்று லிடியா சொன்னாள். என்னையும் ஆண்டனியையும் சொன்னாளா, அண்ணன் தம்பியைச் சொன்னாளா தெரியவில்லை.

கேம் பெட்டியை நான் கழற்றிவிட்டேன். டிவியில் செய்தி மட்டும் பார்க்கிறேன்.

ஒருநாள் மாலை மணியடித்த பிறகு சுவருக்கு அருகில் குரல் கேட்டது. மிக அருகில், காதையோ வாயையோ சுவரில் வைத்துக்கொண்டதுபோல்.

"மதினி."

நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"கிறிஸ்மஸா?" என்றான். "கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் என்னைய நாலு தடவை தள்ளுனாரு. அது அவருதானே? அதுக்கப்புறமா?"

நான் திறந்திருந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் வந்தான். "புது வருசமா?" அடுத்த நாள், "பொங்கலா?" வாசல் வழியாக வர இருபதடி நடந்தால் போதும். வரமாட்டான். சுவர் வழியாகத்தான் கேட்பான். எனக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவன் அண்ணனின் சாவைச் சுவர் வழியாகவே எண்ணிக்கொண்டு வந்தான், ஒவ்வொரு மாலைக்கும் ஒரு நாளை எடுத்துவைத்து. தவக்காலத்தில் ஒவ்வொரு வெள்ளியையும் கேட்டான். "சிலுவைப்பாதை முடிஞ்சு வந்து ஆடுனோமே, அதுவா?" என்றான். அந்த வெள்ளி எனக்கும் நினைவிருந்தது. அது அவர்தான். வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு மாலை கேட்டான்: "குருத்து ஞாயிறா மதினி? நான் ஜெயிச்சேனே. மெட்டை முழுசா ஓடவிட்டாரே. அதுவா?"

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. என் மூச்சு அவனுக்குக் கேட்டிருக்குமோ என்னவோ. வாசல் திறந்துதான் இருந்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வந்து நின்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவன் வரவில்லை. கீரையை மறுபடி ஆயத் தொடங்கினேன்.

மறுநாள் மணியடித்ததும் வந்தான்.

"ஈஸ்டரா?" என்றான்.